மெஷினுக்கு இடம் பார்த்தாச்சு, துணி எங்கே காயும்?

தாம்பரத்துக்கு அருகே அரை கிரவுண்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்.

கிழக்குப் பார்த்த மனை. கீழும் மேலுமாக இரண்டு தளம். கீழ்த்தளச் சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னலின் மேல் விளிம்பு வரை, எழும்பிவிட்டது, மூன்று வாரத்தில் கூரைக் கான்கிரீட். வீட்டில் ஐந்து பேர்: கணவன், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், வீசிங் தொல்லை உள்ள ஒன்பது வயது மகன், மூட்டுவலியோடு இருக்கும் மாமியார். பிளானில் வாஷிங் மெஷினுக்கென்று இடம் ஒதுக்கவில்லை. "மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடலாம், காயப்போடத்தான் மொட்டை மாடி இருக்கிறதே" என்கிறார் இன்ஜினீயர். மாடி பாத்ரூமிலேயே டிரையரோடு சேர்ந்த மெஷினாக வாங்கி வைத்துவிட்டால் காயப்போடும் வேலையே மிச்சம் என்பது கணவரின் கட்சி. மாமியார் ஒரு துவைக்கிற கல் கேட்கிறார். அதை மொட்டை மாடியில் டேங்குக்குப் பக்கத்தில் போடலாம் என்கிறார் மேஸ்திரி. பக்கவாட்டுச் சந்தை ஷீட் போட்டு மூடி அதையே துவைக்கும் இடமாக்கலாம் என்று மைத்துனர் சொல்கிறார். "இப்போதிருக்கும் வாடகை வீட்டில் கார்த்திகை மாதம் முழுக்கக் கட்டில் மேலும் நாற்காலி மேலும்தான் துணி காய்கிறது. பிள்ளைகளின் யூனிஃபார்ம் ஈரவாடையோடு பள்ளிக்கூடம் போகிறது. சொந்த வீட்டிலும் இதே பாடு வேண்டாம்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கான்கிரீட் போடுவதற்கு முன்னால் எழுதினீர்கள், நல்லது. நிறையப் பேர் பால் காய்ச்சிக் குடி வந்த பிறகுதான் துணி காயப்போட இடம் தேடுகிறார்கள். அப்போது ஜன்னல் கிரில்லில் இரண்டு கயிறு கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

உங்கள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். எல்லாருமே மெஷினை எங்கே வைப்பது என்றுதான் யோசித்திருக்கிறார்கள். மெஷினுக்கு இரண்டுக்கு இரண்டு அடி இருந்தால் போதும். துணி காய அதைப்போலப் பத்து மடங்கு இடம் வேண்டும், அதுவும் காற்றோட்டமான இடம். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். துணி எங்கே காயும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மெஷின் அதற்குப் பக்கத்தில் தானாக வந்து உட்காரும்.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து கிலோ காட்டன் துணியை நிமிடத்துக்கு 1,000 முதல் 1,200 சுற்று வேகத்தில் மெஷின் பிழிந்து தந்தாலும், துணியில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். கையால் பிழிந்தால் இன்னும் அதிகம். இந்தத் தண்ணீர் முழுவதும் காற்றில் கலந்தாக வேண்டும். ஜன்னலைச் சாத்திய படுக்கையறையில் காயப்போட்டால் அந்த மூன்று லிட்டரும் அந்த அறைக் காற்றிலும் சுவரிலும் மெத்தையிலும்தான் ஏறும். பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை படர்வதும், செருப்பிலும் பெல்ட்டிலும் வெள்ளை பூப்பதும் இதனால்தான். ஈரம் தங்கும் அறையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும் பெருகும். பூஞ்சை, தூசிப்பூச்சி இரண்டுமே வீசிங்கைத் தூண்டக்கூடியவை. நான் வீடு வரைபவன், மருத்துவன் அல்ல. மகனின் உடம்பு விஷயத்தை அவனைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அவன் தூங்கும் அறையில் ஈரத்துணி தொங்கக்கூடாது. இந்த ஒன்றை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஈரவாடையும் இதே சங்கதிதான். துணி காய நேரமாக ஆக, அதில் மிச்சமிருக்கும் கிருமிகள் பெருகி அந்த வாடை வருகிறது. சோப்புத்தூளை மாற்றுவதாலும் வாசனைக் கண்டிஷனர் ஊற்றுவதாலும் அது போய்விடாது. சீக்கிரம் காய்ந்தால் போகும்.

மொட்டை மாடி இருக்கிறதே?

இருக்கிறது. சித்திரை, வைகாசியில் அதைவிட நல்ல இடம் கிடையாது. பெட்ஷீட், போர்வை, தலையணை எல்லாம் அங்கேதான் காய வேண்டும். ஆனால் தினசரித் துணிக்கு அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே துவைத்து, பிழிந்த துணியை எடுத்தால் ஒரு வாளி எட்டு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏறி எடுத்து வர வேண்டும். நடுவில் மழை தூறினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும், ஈரப்படியில். மாமியாரால் ஏற முடியாது. மகளுக்குப் பத்தாவது. அப்படியானால் ஏறப்போவது யார் என்று இன்ஜினீயரிடம் கேளுங்கள். நீங்கள் கடிதத்தில் இதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. பழகிப்போயிருக்கும். ஆனால் தினமும் ஒருவர் செய்யும் வேலைக்கு வீட்டில் வசதியான இடம் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

இன்னொன்று, ஐப்பசி அடைமழையில் மொட்டை மாடியால் ஒரு பயனும் இல்லை. உங்கள் பிரச்சினையே அந்த இரண்டு மூன்று மாதம்தான்.

டிரையர் வாங்கிவிட்டால்?

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் யூனிஃபார்மும் உள்ளாடையும் காய்ந்து கிடைப்பது பெரிய நிம்மதி. ஆனால் "காயப்போடும் வேலையே மிச்சம்" என்பது நடக்காது. துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக இருக்கும் மெஷினில் எட்டு கிலோ துவைக்கலாம் என்றால் பெரும்பாலும் ஐந்து கிலோதான் உலர்த்தலாம். மீதியை வெளியே எடுத்துக் கொடியில் போட வேண்டும், அல்லது இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஒரு முறைக்கே பல மணி நேரம் ஆகும். பல மாடல்களில் ஆவியைக் குளிரவைக்கத் தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும். பட்டு, ரேயான், எலாஸ்டிக் வைத்த துணிகளை அதில் போட யோசிக்க வேண்டும்.

கரன்ட் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.65 யூனிட் வேண்டும். மூன்று லிட்டருக்கு இரண்டு யூனிட் ஆகிறது, வீணாகும் சூட்டையும் சேர்த்தால் மூன்றைத் தாண்டும். அந்தச் சூட்டையே திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகை டிரையர் இதில் ஏறக்குறைய பாதியில் முடித்துவிடும், விலைதான் கூட. இதே துணிக்கு மேலே கூரையும் பக்கத்தில் காற்றுப் போக வழியும் இருக்கும் இடத்தில் 75 வாட் ஃபேனை எட்டு மணி நேரம் ஓட விட்டால் 0.6 யூனிட்தான். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது. ஏசி ஓடும் வீட்டில் தினமும் டிரையர் ஓட்டினால் அது கண்ணை உறுத்தும்.

அதனால் இப்போது டிரையர் வாங்க வேண்டாம். அதற்கு ஒரு பாயின்ட்டும் இடமும் மட்டும் விட்டுவையுங்கள். ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

மாடிப்படிக்குக் கீழே, பாத்ரூம், சந்து

மாடிப்படிக்குக் கீழே காற்றே போகாது. உங்கள் பிளானில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் இல்லை. ஹால் தரைக்கு அடியில் நீளமாகக் குழாய் இழுக்க வேண்டும், ஒருநாள் அடைத்துக்கொண்டால் ஹாலைத்தான் உடைப்பார்கள். அது வேண்டாம்.

பாத்ரூமில் வைப்பதில் குழாய் வசதி உண்டு. ஆனால் உங்கள் பாத்ரூம் எட்டுக்கு ஐந்து அடி. ஷவர் தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் 16 ஆம்பியர் சாக்கெட் வைப்பது ஆபத்து. மெஷினின் தகடும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சந்தை மூடும் யோசனையை மைத்துனரிடம் பக்குவமாகச் சொல்லி விட்டுவிடுங்கள். அனுமதி வாங்கிய பிளானில் திறந்தவெளி என்று காட்டிய இடம் அது. "நம்ம இடம்தானே" என்று நினைப்பது இயல்பு. ஆனால் கூரை போட்டால் அது பிளானை மீறிய கட்டுமானம். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் நோட்டீஸ் வரலாம். ஷீட்டிலிருந்து வழியும் மழைத்தண்ணீர் அவர் மனையில் விழுந்தால் அந்தப் புகாரிலும் நியாயம் இருக்கும். வீட்டை விற்கும்போதோ அதன் மேல் கடன் வாங்கும்போதோ மதிப்பீடு செய்ய வருபவர் கண்ணிலும் படும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ்த்தள அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வருவது அந்தச் சந்து வழியாகத்தான். கூரை இல்லாமல் ஒரு கயிறு கட்டிக்கொள்வதில் தவறில்லை.

என் யோசனை: மேல்தளத்தில் வடமேற்கு மூலை

நீங்கள் அனுப்பிய பிளானில் மாடியில் வடமேற்கில் பாத்ரூம் இருக்கிறது, அதற்கு நேர் கீழே கீழ்த்தளப் பாத்ரூம். கழிவுநீர்க் குழாய் ஏற்கெனவே நேராக இறங்குகிறது. முன்பக்கம் பால்கனிக்கு ஐந்தடி அகலம் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் குறைத்து, அறைகளைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தினால், பாத்ரூமை ஒட்டி மேற்குப் பார்த்தபடி ஒன்பதுக்கு ஐந்து அடியில் ஒரு சர்வீஸ் ஏரியா கிடைக்கும். மேலே கான்கிரீட் கூரை, மேற்கில் இடுப்பளவுச் சுவரும் அதற்கு மேல் கிரில்லும், வடக்கில் மூடித் திறக்கும் கண்ணாடிப் பட்டை ஜன்னல். உள்ளே ஒரு சீலிங் ஃபேன். அனுமதி பெற்ற பிளானில் மாற்றம் வருவதால், திருத்தம் தேவையா என்று கட்டுவதற்கு முன்பே உங்கள் இன்ஜினீயரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்கு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் சாரல் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும்தான் அடிக்கும். உங்கள் முன் பால்கனி அப்போது நனைந்துகொண்டிருக்கும், மேற்குப் பக்கம் பெரும்பாலும் தப்பிக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குப் பக்கத்துக்கு வெயிலே வராது. மேற்குப் பக்கத்துக்கு மதியத்துக்கு மேல் எட்டிப் பார்க்கும். வாஸ்து பார்ப்பவர் ஏதாவது சொல்வாரோ என்று கேட்டிருந்தீர்கள். வடமேற்கை வாயு மூலை என்பார்கள், அவர் ஆட்சேபிக்க மாட்டார்.

இந்த இடத்தில் ஒரு ஓரம் மெஷின், அதற்கு மேல் பின்னால் டிரையர் வைக்க இடம், பக்கத்தில் ஊறவைக்கவும் அலசவும் ஒரு சிங்க். மீதி முழுக்க மேலே கொடி. புடவை ஐந்தரை மீட்டர். இரண்டாக மடித்துப் போட்டாலும் இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும். ஒன்பதடி நீளம் கேட்பது அதற்காகத்தான். கயிற்றை இழுத்தால் மேலே ஏறும் சீலிங் ஹேங்கர் இப்போது எங்கும் கிடைக்கிறது. ஆறு குழாய் உள்ளது வாங்கினால், கழுத்தை அண்ணாந்து எட்டிப் போட வேண்டிய அவசியமில்லாமல் கீழே இறக்கித் துணியைப் போட்டு மேலே ஏற்றிவிடலாம். குழாய்க்குக் குழாய் அரை அடியாவது இடைவெளி இருக்கட்டும். நெருக்கிப் போட்டால் ஃபேன் ஓடியும் நடுவில் உள்ள துணி காயாது. மேல்தள அறைகளின் அலமாரிகள் பத்தடிக்குள் இருப்பதால் எடுத்து மடித்து வைப்பதும் சுலபம்.

பெட்ஷீட்டுக்கும் வற்றலுக்கும் மொட்டை மாடி அப்படியே இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது.

மாமியாரின் துவைக்கிற கல்

இதைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். தன் உடுப்பைத் தானே அலசிப் போட வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள், மெஷின் வந்தாலும் அது மாறாது. அவர் இருப்பது கீழ்த்தளத்தில். கல்லும் அங்கேதான் இருக்க வேண்டும். பின்பக்கம் ஐந்தடி இடம் விட்டிருக்கிறீர்கள். அங்கே குனியாமல் நின்று துவைக்கும்படி இரண்டரை அடி உயர மேடையில் கல், வழுக்காத சொரசொரப்பான தரை, பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கைப்பிடி. அவர் கை எட்டும் உயரத்தில் ஒரு கொடி.

மேஸ்திரி சொல்வதுபோல மொட்டை மாடியில் கல் போட்டால் சோப்புத்தண்ணீர் எங்கே போகும்? மழைநீர்க் குழாய் வழியாகச் சேகரிப்புக் குழிக்கு. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம், உங்கள் வீட்டிலும் அமைத்தாக வேண்டும். அந்தக் குழியில் சோப்பு நுரை இறங்கினால் நாளைக்கு உங்கள் போர் தண்ணீரில்தான் வந்து சேரும்.

பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்புறம் திறக்கும் மெஷின் ஒரு தடவைக்கு 50 முதல் 70 லிட்டரும், மேலே திறப்பது 100 லிட்டருக்கு மேலும் தண்ணீர் வெளியேற்றும். இதைச் செப்டிக் டேங்கில் விட்டால் அது சீக்கிரம் நிரம்பும். துவைத்த தண்ணீருக்குத் தனிக் குழாய் போட்டு, பின்பக்கம் மணலும் ஜல்லியும் நிரப்பிக் கல்வாழையும் வாழையும் வைத்த பாத்திக்குத் திருப்பிவிடுங்கள்.

கம்பிக் கொடி வேண்டவே வேண்டாம்

கயிறு தொய்ந்துவிடுகிறது, அதனால் முன் பால்கனியில் இரும்புக் கம்பி கட்டலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தெருவில் கரன்ட் கம்பி பால்கனிக்குப் பக்கத்தில் போகிறது என்று வேறொரு பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. ஈரத்துணியைக் கம்பிக் கொடியில் போடும்போது மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள் செய்தி நம் மாவட்டங்களில் மழைக்காலத்தில் அடிக்கடி வருகிறது. கொடியின் ஒரு முனை, தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் போகும் குழாயில் கட்டியிருக்கும், ஒயரின் தோல் தேய்ந்திருக்கும். யாருக்கும் தெரியாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன வீடுகள் உண்டு.

நைலான் கயிறு போதும். தொய்ந்தால் நடுவில் ஒரு கொக்கி கூடுதலாக அடித்துக்கொள்ளலாம். எந்தக் கொடியையும் சர்வீஸ் குழாயிலோ மீட்டர் பக்கத்திலோ ஷீட் கூரையின் இரும்பிலோ கட்டாதீர்கள். தெரு மின்கம்பிக்கும் கட்டிடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. உங்கள் பால்கனி வெளியே நீட்டிக்கொண்டு வருவதால் அந்த விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். கம்பி அதைவிடக் கிட்டே இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கம்பியை மாற்றி அமைக்கச் செய்த பிறகே பால்கனி வேலையைத் தொடங்குங்கள். பால்கனி அகலத்தைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கான்கிரீட்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டியவை

சர்வீஸ் ஏரியாவின் தரை அறைத் தரையைவிட ஒன்றரை அங்குலமாவது தாழ்வாக இருக்க வேண்டும், நீங்கள் கீழ்த்தளத்துக்குப் போடப்போகும் கான்கிரீட்தான் அதன் தரை என்பதால் இப்போதே கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆளிடம் சொல்லியாக வேண்டும். தண்ணீர், தரையில் கழிவுநீர் இறங்கும் டிராப்பை நோக்கி ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று டைல்ஸ் ஒட்டும்போது நீங்களே பக்கத்தில் நின்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதற்கு முன் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்திக் கீழே ஓதம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

எலெக்ட்ரீஷியனிடம்: மெஷினுக்கு, வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. வெந்நீரில் துவைக்கும் மெஷின் 2,000 வாட் வரை இழுக்கும், அதனால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர். டிரையர் பாயின்ட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டரில் இன்னொரு தனி லைன். சாக்கெட் மெஷினுக்கு மேல் மட்டத்தில், சிங்க்கிலிருந்து தள்ளி.

பிளம்பரிடம்: மெஷின் ஹோஸ் செருகும் குழாயின் வாய் தரையிலிருந்து இரண்டு முதல் மூன்று அடிக்குள் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் மெஷினில் ஏறும் தண்ணீர் தானாகவே வெளியே வடிந்துகொண்டிருக்கும், உயர்ந்தால் பம்ப் திணறும். தண்ணீர் அழுத்தம் இன்னொரு முக்கிய விஷயம். டேங்கின் அடி, மெஷின் குழாயிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். பல மெஷின்கள் குறைந்தபட்சம் கேட்பதே அதுதான். டேங்கை மொட்டை மாடித் தரையில் வைத்தால் மேல்தள மெஷினுக்கு அதுவும் கிடைக்காது, பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். படிக்கட்டு அறையின் தளத்துக்கு மேல் டேங்கை வைக்கச் சொல்லுங்கள். அப்போது நாலு மீட்டருக்கு மேல் உயரம் கிடைக்கும், பம்ப் செலவு மிச்சம்.

மெஷின் எந்த வகை என்பதை இன்னும் ஆறு மாதம் கழித்து முடிவு செய்யலாம், அவசரம் இல்லை. அதற்குள் போர் தண்ணீரின் கடினத்தன்மையை ஒரு லேபில் பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் என்றால் ஹீட்டர் உள்ள மெஷினில் படிவு சேரும், மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலம் போட்டு வெறுமனே ஓட்ட வேண்டியிருக்கும். இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரமே இன்ஜினீயரை உட்கார வைத்து, அந்த ஒன்பதுக்கு ஐந்து அடியை மேல்தளப் பிளானில் வரைந்து வாங்கிவிடுங்கள். குழாய்க்கான துளைகளையும் ஃபேன் கொக்கியையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.